செம்மண் ட்ராக்கில் நைட்ரோ என்ஜின்: ஏர் ஃபில்டர் பஞ்சு சுத்தமாக இருந்தும் தூசி எப்படி உள்ளே போகிறது?

#1 சூலூர் சிவா

எல்லோருக்கும் வணக்கம். 1/8 அளவு நைட்ரோ பக்கி, அதாவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கார், ஓட்டுகிறேன். .21 என்ஜின், அதாவது 3.5 சிசி. ட்ராக் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் சும்மா கிடந்த ஒரு செம்மண் காட்டை நண்பர்கள் சேர்ந்து சமன் செய்து, மேடு பள்ளம் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பிரச்சினை இதுதான். குளிர்ந்திருக்கும்போது என்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ரெண்டு மூணு ரவுண்டு நன்றாக இழுக்கிறது. சூடு ஏறினதும் ஐடிலில் நிற்பதில்லை, அணைந்துவிடுகிறது. அப்புறம் ஸ்டார்ட்டர் பாக்ஸில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பிடிப்பதில்லை. ஹெட்டின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் புதிது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஹை, லோ ரெண்டு நீடிலையும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து ட்யூன் செய்தாகிவிட்டது.

பார்ட்ஸ் கடையில் கேட்டால், "தூசி தின்றுவிட்டது, பிஸ்டன் ஸ்லீவ் செட்டை மாற்று" என்கிறார்கள். பிஸ்டனும் அது ஓடும் குழாயான ஸ்லீவும் சேர்ந்த அந்த செட் என்ஜின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. மாற்றத் தயார். ஆனால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் வெளிப்பஞ்சு மட்டும்தான் சிவப்பாக இருக்கிறது, உள்பஞ்சின் உட்புறத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அப்படியானால் தூசி எந்த வழியாகப் போனது? அது தெரியாமல் புது செட் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தானே போகும்?

#2 ரெண்டு ஸ்ட்ரோக்

கடைசி வரியில் நீங்கள் கேட்டிருப்பதுதான் சரியான கேள்வி, சிவா. மூன்று விஷயம் சொல்லுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றும்போது, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் இறுக்கம் தெரிகிறதா? ஃபில்டர் கழுத்தை கார்ப்பில் (கார்புரேட்டரில்) எதை வைத்துக் கட்டியிருக்கிறீர்கள்? பஞ்சுக்கு என்ன ஆயில் போடுகிறீர்கள்?

#3 சூலூர் சிவா

இறுக்கமே இல்லைங்க. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. என்ஜினின் பின்மூடியான பேக் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், நகம் வைத்தால் லேசாகத் தட்டுப்படுகிறது. கழுத்தில் ஒரு கேபிள் டேக், இழுத்துப் பூட்டும் பிளாஸ்டிக் பட்டை. பஞ்சுக்குப் பைக்கில் ஊற்றும் 20டபிள்யூ-40.

#4 பீளமேடு லேத்

தம்பி, கோடு விழுந்திருக்கிறது என்றால் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் ஏன் அந்தக் கோடு என்ஜினையே முடக்குகிறது என்று தெரிந்துகொண்டால், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இந்த என்ஜின்கள் பெரும்பாலும் ஏபிசி வகை. அலுமினியப் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், ஸ்லீவின் உள்ளே குரோம் பூச்சு. பைக் என்ஜினில் இருப்பது போல இதில் பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவை மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகலாகக் கடைந்திருப்பார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் குறுகலில் போய்ப் பிடிக்கும். அதைத்தான் பிஞ்ச் என்கிறோம். புது என்ஜினைக் குளிர்ந்த நிலையில் சுற்றினால் உச்சியில் கிறீச்சென்று சத்தம் வருவது இதனால்தான். சூடு ஏறினதும் பித்தளை ஸ்லீவ் பிஸ்டனைவிட அதிகமாக விரியும், இறுக்கம் தளர்ந்து சரியான இடைவெளிக்கு வரும். கணக்கே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் என்ஜினைப் பாருங்கள். குளிரில் இருக்க வேண்டிய இறுக்கம் ஏற்கெனவே தேய்ந்துபோய்விட்டது. சூடாகி ஸ்லீவ் இன்னும் விரிந்ததும் கம்ப்ரஷன் மொத்தமாகப் போகிறது. அதனால்தான் சூட்டில் அணைகிறது, ஈரத்துணி போட்டால் உயிர் வருகிறது. ட்யூனிங்கில் நீங்கள் என்ன செய்தாலும் இது சரியாகாது.

தூசி எப்படித் தேய்க்கிறது என்பதையும் சொல்கிறேன். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. அலுமினியம் 3க்கும் கீழே. அந்தத் துகள் மெத்தென்ற பிஸ்டன் சுவரில் போய்ப் பதிந்துகொள்ளும். பதிந்த பிறகு பிஸ்டனே எமரித்தாள் மாதிரி ஆகிவிடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்லீவைத் தேய்க்கிறது. பெரிய கல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது பஞ்சிலேயே நின்றுவிடும். ஐந்திலிருந்து இருபது மைக்ரான் வரை இருக்கும் மாவுத்தூசிதான் ஆபத்து. இடைவெளியும் ஆயில் படலமும் அதே அளவில் இருப்பதால் அது நேராக நடுவில் போய் உட்காருகிறது.

எவ்வளவு காற்று போகிறது என்று ஒரு கணக்குப் போடுங்கள். 3.5 சிசி ரெண்டு ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் ஏறக்குறைய 100 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒரு நிமிடத்தில் இழுப்பது ஆறு, ஏழு லிட்டர்தான். உள்ளங்கையில் அடங்கும் என்ஜினுக்கு, அதுவும் முன்னால் போகும் வண்டி கிளப்பிவிடும் புழுதிக்குள்ளே, இவ்வளவு காற்று வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. காற்று நேராக பிஸ்டனுக்குப் போவதில்லை. கார்ப்பிலிருந்து கிராங்க் ஷாஃப்டின் ஓட்டைக்குள் இறங்கி, அதன் வழியாகக் கிராங்க் கேஸுக்கு வந்து, அப்புறம்தான் பக்கவாட்டுப் போர்ட்டுகள் வழியாக மேலே ஏறுகிறது. ஆக, தூசி முதலில் சந்திப்பது பின் பேரிங்கையும் கனெக்டிங் ராடின் கீழ்ப் புஷ்ஷையும். பிஸ்டன் செட் மாற்றுமுன் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ராடையும் சேர்த்து மாற்ற வேண்டும். பேரிங்கைச் சுற்றும்போது கரகரவென்றால் அதையும். பிஸ்டனை மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கை விட்டால் அதன் துகள் புது செட்டைத் தின்னும்.

#5 கரிசல் கண்ணன்

லேத் அண்ணாச்சி சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. எல்லாப் பழியையும் தூசி மேல் போட்டுவிடக் கூடாது. லீனாக, அதாவது எரிபொருளைக் குறைத்து, ஓட்டி என்ஜினைச் சுட்டாலும் பிஞ்ச் போகும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். லீனில் கெட்டது என்றால் பிஸ்டன் தலையில் அரித்த மாதிரி பொடிப்பொடிப் புள்ளி இருக்கும், பிளக்கின் கம்பிச்சுருள் நெளிந்தோ மங்கியோ இருக்கும். தூசி என்றால் தலை சுத்தமாக இருக்கும், சுவரில் நெடுக்குக் கோடு மட்டும். சிவா சொல்வது ரெண்டாவது வகைதான்.

எங்கள் பக்கம் கரிசல். காய்ந்தால் மாவாகப் பறக்கும், அதில் குவார்ட்ஸ் குறைவு என்பதால் செம்மண் அளவுக்கு அரிப்பதில்லை என்பது என் அனுபவம். ஆனால் பஞ்சைச் சீக்கிரம் அடைத்துவிடும். பஞ்சு அடைந்தால் காற்று குறைந்து என்ஜின் ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக, ஓடும். அதைப் பார்த்து நாம் நீடிலை லீன் பக்கம் திருப்புவோம், அடுத்த டேங்குக்கு நல்ல பஞ்சு மாட்டியதும் என்ஜின் வெந்துபோகும். மண் எதுவானாலும் முதலில் பஞ்சு, அப்புறம் ட்யூனிங்.

#6 ரெண்டு ஸ்ட்ரோக்

சிவாவின் கேள்விக்கு நேராக வருகிறேன். பஞ்சு சுத்தமாக இருக்கிறது, என்ஜின் தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் தூசி பஞ்சு வழியாகப் போகவில்லை, பஞ்சைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. நான் கையில் வாங்கிப் பார்த்த கெட்ட என்ஜின்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். எல்லோரும் பஞ்சைப் பற்றியே பேசுகிறார்கள். பஞ்சுக்கும் கார்ப் வாய்க்கும் நடுவில் இருக்கும் ரப்பர்க் கழுத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கேபிள் டேக்கை நன்றாகப் பாருங்கள். டேக் முழு வட்டமாக இறுக்குவதில்லை. அதன் பூட்டு இருக்கும் இடத்தில், பூட்டுக்குக் கீழே ஒரு அரிசி நீளத்துக்கு ரப்பர் அழுந்தாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். என்ஜின் அதிர அதிர அந்த இடம் மூச்சுவிடும். ஒரே டேக்கில் கட்டினால் அங்கே தூசிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ரெண்டு டேக் போடுங்கள், பூட்டுகள் எதிரெதிர்ப் பக்கம் வருகிற மாதிரி. அதற்குமுன் கார்ப் வாயையும் கழுத்தின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி புரளும்போது கழுத்து வழுக்கிக் கழன்றுவிடும். கழுத்தை வளைத்துப் பார்த்து மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நைட்ரோ எரிபொருள் பட்டுப் பட்டு ரப்பர் இறுகி, மடிப்பில்தான் முதலில் கீறும்.

அடுத்து பஞ்சு உட்காரும் இடம். வெளிப்பஞ்சும் உள்பஞ்சும் பிளாஸ்டிக் கூட்டின் அடித்தட்டில் சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். அந்த விளிம்பில் விரலால் மெல்லிசாக ஒரு சுற்று கிரீஸ் தடவிவிட்டுப் பஞ்சை அழுத்தி உட்காரவையுங்கள். கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் கிரீஸ் அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வெள்ளை கிரீஸைக் கழுத்தின் உட்புறம், கார்ப் வாய்க்குச் சற்று மேலே, மெல்லிசாகப் பூசிவிட்டு ஒரு டேங்க் ஓட்டுங்கள். கழற்றிப் பாருங்கள். எங்கும் வெள்ளையாகவே இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். கீழ் விளிம்பில் மட்டும் சிவப்பு இருந்தால் கழுத்துக் கட்டில் ஓட்டை. மேலிருந்தே பரவலாகச் சிவந்திருந்தால் பஞ்சு விடுகிறது.

இப்போது ஆயில். 20டபிள்யூ-40 பஞ்சில் நிற்காது. சூட்டிலும் அதிர்விலும் அடியில் வடிந்துவிடும். மேல்பாதிப் பஞ்சு வறண்டு போகும், கீழ்ப்பாதியில் தேங்கியது என்ஜினுக்குள் இழுக்கப்படும். இந்தப் பஞ்சு சல்லடை இல்லை. அதன் துளைகள் தூசியைவிட எவ்வளவோ பெரியவை. வளைந்து வளைந்து போகும் காற்றில் தூசி பிசின் போன்ற ஆயிலில் மோதி ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். பிசின் இல்லாத இடத்தில் ஃபில்டரே இல்லை என்று அர்த்தம். அதற்கென்று விற்கும் ஃபோம் ஃபில்டர் ஆயிலையே வாங்குங்கள். ஊற்றும்போது தண்ணியாக இருந்து நன்றாக ஊறும், கொஞ்ச நேரத்தில் கரைப்பான் பறந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். ஆஃப்-ரோடு பைக்குகளுக்கு விற்பதும் இதே சாமான்தான்.

பஞ்சை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆயிலை விட்டு, கவரை மூடிப் பிசையுங்கள். நிறமுள்ள ஆயிலாக இருந்தால் நல்லது, எங்கே படவில்லை என்று வெளுப்பாகத் தெரியும். நிறம் ஒரே சீராக வந்ததும் டிஷ்யூவில் வைத்து அழுத்தி மிச்சத்தை எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ட்ராக்கில் நின்றுகொண்டு ஆயில் போட்டு உடனே ஓட்டுவது சரியில்லை.

#7 நைட்ரோ நிலா

அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். என்னிடம் இருப்பது 1/10 ஹெச்எஸ்பி கம்பெனி வண்டி, .18 என்ஜின், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. இங்கே ஒரிஜினல் பஞ்சு எப்போதும் கிடைப்பதில்லை, வந்தாலும் சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆர்எக்ஸ் 100 ஏர் ஃபில்டர் பஞ்சை வெட்டிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா? ஆயிலுக்குப் பதில் விளக்கெண்ணெய் போடலாமா? கெட்டியாகத்தானே இருக்கிறது. பஞ்சை நைட்ரோ எரிபொருளிலேயே அலசினால் சீக்கிரம் சுத்தமாகிறது என்கிறார்கள், அதுவும் சரியா?

#8 கரிசல் கண்ணன்

ஆர்எக்ஸ் பஞ்சு தாராளமாகப் போடலாம்மா. எண்ணெயில் ஊறி வேலை செய்வதற்கென்றே செய்த பஞ்சு அது, பெட்ரோல் ஆவியும் தாங்கும். சோபா பஞ்சு, தலையணைப் பஞ்சுதான் வேண்டாம், கொஞ்ச நாளில் பொடியாக உதிர்ந்து அதுவே உள்ளே போகும். நான் வெட்டித்தான் போடுகிறேன்.

#9 ரெண்டு ஸ்ட்ரோக்

கண்ணனோடு இதில் பாதிதான் ஒத்துப்போகிறேன். ஆர்எக்ஸ் பஞ்சு நல்ல பஞ்சுதான், அந்த வண்டியோடு வளர்ந்தவன் நான். ஆனால் கத்தரிக்கோலால் வெட்டிய துண்டு கூட்டின் விளிம்பில் சரியாக உட்காராது, ஒட்டிய தையல் எரிபொருள் பட்டுப் பிரியும். மறுபடியும் சுற்றுவழிக் கதைதான். வெளிப்பஞ்சாக, ஒரிஜினல் உள்பஞ்சின் மேல் போடுவதானால் சரி. உள்பஞ்சு மட்டும் அதற்கென்று வார்த்ததாகவே இருக்கட்டும். ஒரு முறை நாலைந்தாக வாங்கி வைத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

விளக்கெண்ணெய் வேண்டாம் நிலா. கெட்டிதான், ஆனால் மெத்தனாலில் கரையும். எரிபொருளிலேயே கரைத்து விற்கிறார்கள் என்பதை யோசியுங்கள். ரெண்டு ஸ்ட்ரோக்கில் கார்ப் வாயிலிருந்து எரிபொருள் ஆவி திரும்பி மேலே தெறிக்கும். அது பட்டதும் பஞ்சின் உட்புறத்தில் இருக்கும் விளக்கெண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும்.

அதே காரணத்துக்காகவும், அதைவிடப் பெரிய காரணத்துக்காகவும் எரிபொருளில் பஞ்சு அலசக் கூடாது. மெத்தனால் விஷம், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கள்ளக்குறிச்சியில் 2024இல் அத்தனை உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். வெறுங்கையால் அதில் பிசைவது வேண்டவே வேண்டாம். டேங்கில் ஊற்றும்போதும் கையுறை போடுங்கள். மெத்தனால் தனியாக வாங்கிக் கலக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னாலும் காது கொடுக்காதீர்கள், தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும். அதில் அமுக்கி அமுக்கி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் விளக்கும் லிக்விட் விட்டு அலசுங்கள். துணி மாதிரி முறுக்கிப் பிழியாதீர்கள், பஞ்சு கிழியும், ஒட்டிய இடம் விடும். வெள்ளைப் பேசினில் கடைசித் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் அடியில் மணல் இருக்கிறதா என்று தெரியும். மணல் வருவது நிற்கும் வரை அலசிக்கொண்டே இருங்கள். நிழலில் காயட்டும், ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கம்ப்ரசர் காற்று அடித்தால் பஞ்சின் கண்கள் பிய்ந்து பெரிதாகும்.

#10 கிளாங் பிட்பையன்

வணக்கம் அண்ணே எல்லோருக்கும். மலேசியாவில் இருந்து. நான் ஓட்டுவதைவிட பிட்டில் (எரிபொருள் நிரப்பும் இடத்தில்) நிற்பதுதான் அதிகம், மச்சான் ஓட்டுவார். நீங்கள் பேசியது எல்லாம் காற்றுவழி. எரிபொருள்வழியை யாரும் சொல்லவில்லையே.

1/8 பக்கிக்கு டேங்க் 125 சிசிதான் அனுமதி. அதனால் நீண்ட ஃபைனலில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி பிட்டுக்கு வரும். வேகமாக வரும், மேலே புழுதி அப்பியிருக்கும், டேங்க் மூடியின் மேலேயும் மண். மூடியைத் திறக்கும்போது அந்த மண் உள்ளே விழும். எரிபொருள் பாட்டிலை மண்ணில் வைத்து எடுத்தால் மூக்கில் ஒட்டிய மண்ணும் உள்ளே போகும். இந்த மண் பிஸ்டனுக்குப் போகுமுன் ஹை நீடிலில் போய் உட்காரும். எரிபொருள் குறையும், வண்டி லீனாகும், ட்ராக்கின் அந்தப் பக்கத்தில் ஓடும்போது நமக்குத் தெரியவே தெரியாது. கண்ணன் அண்ணே சொன்ன லீன் சாவுக்கும் பல நேரம் தூசிதான் காரணம்.

அதனால் நாங்கள் பாட்டிலை எப்போதும் துணி விரித்த ட்ரேயில் வைக்கிறோம், மூக்குக்கு மூடி உண்டு. டேங்குக்கும் கார்ப்புக்கும் நடுவில் எரிபொருள் ஃபில்டர் கட்டாயம். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் டேங்கைக் கழற்றிக் குலுக்கி ஊற்றினால் அடியில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

இன்னொன்று, ஃபில்டரின் மேல் பெண்கள் போடும் நைலான் காலுறைத் துணியை ஒரு சுற்று இழுத்துக் கட்டுவோம். மாவுத்தூசியை அது நிறுத்தாது. பெரிய மணலும் புல்லும் அதிலேயே நின்றுவிடும், பஞ்சு நீண்ட நேரம் தாங்கும். பாதியில் கழற்றி உதறிவிட்டு மறுபடி போடலாம், பஞ்சில் கை வைக்க வேண்டியதில்லை.

#11 சூலூர் சிவா

வெள்ளை கிரீஸ் சோதனை செய்தேன். பழைய செட்டிலேயே, ஆறவிட்டு ஆறவிட்டு ஒரு டேங்க் ஓட்டினேன். ரெண்டு ஸ்ட்ரோக் அண்ணா சொன்ன மாதிரியே கழுத்தின் கீழ் விளிம்பில், டேக்கின் பூட்டு இருந்த பக்கம் மட்டும், பிறை வடிவத்தில் சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

அதோடு இன்னொரு இடமும் அகப்பட்டது. த்ராட்டிலோடு நகரும் கார்ப் ஸ்லைடின் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் (உறை) இருக்கும் இல்லையா, அதை இழுத்துப் பார்த்தால் ரெண்டாவது மடிப்பில் ஊசி நுழைகிற அளவுக்குக் கிழிசல். அந்த ரப்பர் உறைக்கு உள்ளே ஸ்லைடின் மேல் சேறு மாதிரி படிந்திருந்தது. மூடியிருக்கும்போது கிழிசல் தெரியவே இல்லை, த்ராட்டில் முழுதும் நீட்டினால்தான் வாய் திறக்கிறது.

ரெண்டும் மாற்றப்போகிறேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

#12 பீளமேடு லேத்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. கார்ப்பைக் கையில் எடுத்த நேரத்திலேயே அடிப்பகுதி ஓ-ரிங்கையும் பாருங்கள். கார்ப் கிராங்க் கேஸில் உட்காரும் இடத்தில் அந்த ஓ-ரிங் தட்டையாகிப்போயிருந்தால், அங்கே ஃபில்டரே பார்க்காத காற்று போகும். கார்ப்பைக் கீழே நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். லோ நீடில் ஓ-ரிங், பேக் பிளேட் ஓ-ரிங், முன் பேரிங் சீல், இதெல்லாமும் வரிசையில் உண்டு.

ஒன்று மனதில் வையுங்கள். காற்று கசியும் இடம்தான் தூசி நுழையும் இடம். த்ராட்டிலை விட்ட பிறகும் என்ஜின் உடனே ஐடிலுக்கு இறங்காமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருந்தால், நீடிலைத் தொடுமுன் கசிவைத் தேடுங்கள்.

தேடுவதற்கு: என்ஜினை வண்டியிலிருந்து இறக்கி, வெளிப்புறத்தைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர்த் துண்டு வைத்து அடைத்து, எரிபொருள் வரும் நிப்பிளையும் அடைத்துவிட்டு, கார்ப் வாயில் பொருத்தமான ட்யூபைச் செருகி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றுக் கொடுங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தொட்டு வைத்தால் கசியும் இடத்தில் நுரை வரும். முன் பேரிங்கில் துளி நுரை வருவது சகஜம், மற்ற இடங்களில் வரக் கூடாது. முடிந்ததும் நன்றாகத் துடைத்து, உள்ளே ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டம் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க விடும் ஆயில்) விட்டுச் சுற்றிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் பேரிங் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும்.

கார்ப் அடியிலும் பேக் பிளேட்டிலும் சூடு தாங்கும் சிலிக்கான் சீலன்ட் தடவுபவர்கள் உண்டு. தடவலாம், ஆனால் முடி அளவுக்கு மெல்லிசாக. உள்பக்கம் பிதுங்கினால் அந்தத் துணுக்கு பிய்ந்து உள்ளே சுற்றும்.

பழைய ஸ்லீவை மேலே அழுத்தி மறுபடி பிஞ்ச் ஏற்றித் தர முடியுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். லீனில் தளர்ந்த ஸ்லீவாக, குரோம் முழுசாக இருந்தால் செய்யலாம், கொஞ்ச காலம் ஓடும். தூசியில் கோடு விழுந்ததற்கு நான் செய்து தருவதில்லை. பிஸ்டனில் பதிந்த துகள் அப்படியே இருக்கும், அழுத்தினால் இன்னும் வேகமாகத் தின்னும், குரோம் செதிலாகப் பெயர்ந்தும் விழும். காசை வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய எனக்கு மனது வராது.

#13 கரிசல் கண்ணன்

கழற்றும் முறையையும் சொல்லிவிடலாம். ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரை உருவுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. சுற்றியிருக்கும் மண்ணெல்லாம் திறந்த கார்ப் வாயில் கொட்டும். முதலில் வண்டியைப் பிரஷ் போட்டுத் தட்டுங்கள், கழுத்தைச் சுற்றித் துடையுங்கள். அப்புறம் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உருவி, கார்ப் வாயில் உடனே சுத்தமான துணிச்சுருளைச் செருகுங்கள். சிவப்புத் துணியாக இருந்தால் எடுக்க மறக்காது. பிளக் கழற்றும்போதும் இதே கதைதான். ஹெட்டின் பள்ளத்தில் மண் நிரம்பியிருக்கும், ஊதிச் சுத்தம் செய்யாமல் பிளக்கைத் திருகினால் அது நேராக பிஸ்டன் தலையில் விழும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை பஞ்சு மாற்றுவது என்றால், தயாராக ஆயில் போட்ட பஞ்சு மூன்று நான்கு டப்பாவில் வைத்துக்கொண்டு, புழுதி பறக்கும் நாளில் அரை மணி நேர ஓட்டத்துக்கு ஒன்று மாற்றுவேன். ஈரமான ட்ராக் என்றால் நாள் முழுக்க ஒன்று.

#14 சூலூர் சிவா

ட்ராக்கிலேயே தூசியைக் குறைக்க ஏதாவது செய்கிறீர்களா? எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் ஆரம்பித்தால் நிற்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது செம்மண்ணைச் சொல்லவா வேண்டும். காலையில் தண்ணீர் தெளித்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது.

#15 ரெண்டு ஸ்ட்ரோக்

பொள்ளாச்சிப் பக்கம் நாங்கள் தென்னை நார்க்கழிவை மேல்மண்ணோடு கலந்து தண்ணீர் விட்டு அமுக்கினோம். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரம் மத்தியானம் வரை நிற்கிறது. மேலே சும்மா தூவினால் காய்ந்ததும் அதுவே பறந்து பஞ்சை அடைக்கும். மண்ணோடு கலந்து இறுக்க வேண்டும், முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் விட வேண்டும். சில நாடுகளில் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். தூசி அடங்கும், ஆனால் அது உப்பு. பேரிங்கையும் ஸ்க்ரூவையும் அரிக்கும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓட்டாதீர்கள், பயிற்சி நேரத்திலாவது கொஞ்சம் இடைவெளி விடுங்கள். வண்டி குப்புற விழுந்தால் அணைந்த பிறகு இழுத்துச் சுற்றாமல், எடுத்துத் தட்டிவிட்டு, ஃபில்டர் கழுத்து இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

#16 நைட்ரோ நிலா

ரொம்ப நன்றி அண்ணா. கழுத்தில் ரெண்டு டேக், விளிம்பில் கிரீஸ், ரெண்டும் செய்துவிட்டேன், வெள்ளை கிரீஸ் வெள்ளையாகவே இருக்கிறது. ஆனாலும் பேக் பிளேட்டைத் திறந்தால் உள்ளே கறுப்பாகக் கரகரவென்று பிசுக்கு இருக்கிறது. கார்ப் ஓ-ரிங், பூட் எல்லாம் புதிது. என் என்ஜின் கயிறு இழுக்கும் வகை என்று சொன்னேனே, அதனால் ஏதாவது இருக்குமா?

#17 பீளமேடு லேத்

அதேதான் கண்ணு. கயிறு இழுக்கும் என்ஜினில் பேக் பிளேட்டின் நடுவில் ஓட்டை போட்டு ஸ்டார்ட்டர் ஷாஃப்ட் உள்ளே போகிறது. அந்த ஓட்டையில்தான் கசியும். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸில் உறிஞ்சும் அழுத்தம் வரும், கயிற்றுக் கூட்டுக்குள் சேர்ந்திருக்கும் மண் அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும்.

கயிற்றுக் கூட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, சுருள் ஸ்ப்ரிங் துள்ளிவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே எடுங்கள். பின்னால் ஒரு வழி பேரிங்கும் ஷாஃப்டும் தெரியும். ஷாஃப்டை வெளியே இழுத்தால் அதன் காடியில் சின்ன ஓ-ரிங் இருக்க வேண்டும். சில என்ஜின்களில் அது தேய்ந்து அறுந்துபோயிருக்கும். அதே அளவு ஓ-ரிங் நைட்ரோ எரிபொருள் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பழைய ஷாஃப்டையே கையில் கொண்டுபோய்க் காட்டினால் கடையில் அளந்து தருவார்கள். போடும்போது துளி ஆஃப்டர்-ரன் ஆயில் தொட்டுப் போடுங்கள். ஒரு வழி பேரிங்கில் மட்டும் கிரீஸ் வைக்காதீர்கள், வழுக்கிக்கொண்டு கயிறு பிடிக்காது. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துப் பேக் பிளேட் ஓட்டையே பெரிதாகியிருந்தால் ஓ-ரிங் நிற்காது. அப்போது பேக் பிளேட்டையே மாற்றுங்கள், அது பிஸ்டன் செட்டைவிட எவ்வளவோ மலிவு. உள்ளே இருக்கும் கறுப்புப் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, பின் பேரிங் சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.